யார் ஊற்றிய தண்ணீர்?

பங்குனி வெயிலில், ஆமத்தூரில், ஒரு மொட்டை மாடியில் ஏறி நின்றபோது என் கால் நனைந்தது.

மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. கீழே தெருவில் நாய்கூட நிழல் நகர்ந்தது தெரிந்தும் எழுந்து மாறிப் படுக்கச் சோம்பல்பட்டுக் கிடந்தது. நான் மட்டும் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப் பட்டையுமாக, மூங்கில் ஏணியில் ஏறி வந்து, செருப்பு மூழ்கத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.

புதிதாகப் போட்ட கான்கிரீட் தளம். சிமெண்டுக் கலவையால் சின்னச் சின்னப் பாத்திகளாகக் கரை கட்டி, ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிறைத்திருந்தது. ஒரு பாத்தியில் இரண்டு மைனாக்கள் சாவகாசமாகக் குளித்துக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்து அவை பறக்கவில்லை. நான் கோர்ட் உத்தரவோடு வந்திருக்கிறேன் என்பது அவற்றுக்குத் தெரியாது.

ஓரமாக வந்து கீழே எட்டிப் பார்த்தேன். வாசலில் நின்ற வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் வழக்குப் போட்ட வீட்டுக்கார அம்மாள். இந்தப் பக்கம் வழக்கை வாங்கிக்கொண்ட காண்ட்ராக்டர். நடுவில் இருவருடைய வக்கீல்களும், இருக்கிற நிழலைப் பங்கு போட்டபடி.

"மேல தண்ணி நிக்குதே, யார் ஊத்துனது?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது வக்கீலம்மா," என்றார் அம்மாள்.

"எனக்கும் தெரியாது மேடம்," என்றார் காண்ட்ராக்டர்.

அந்த வழக்கில் இருவரும் ஒரே பதிலைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கமிஷனர் என்றால்

கட்டிட வழக்குகளில் ஒரு சிக்கல் உண்டு. கட்டிடத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய் நீதிபதியின் மேஜையில் வைக்க முடியாது. நீதிபதியாலும் ஒவ்வொரு விரிசலையும் தேடிப் பஸ் ஏற முடியாது. அதனால் ஒரு வக்கீலை அனுப்பி, போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வா என்பார். அந்த வக்கீலுக்கு அட்வகேட் கமிஷனர் என்று பெயர்.

பெயரைக் கேட்டால் சைரன் வைத்த ஜீப் ஞாபகம் வரும். முதன்முதலாக என்னை நியமித்தபோது என் மாமியார் எங்கள் தெரு முழுக்க, "மருமகளைக் கமிஷனராப் போட்டுட்டாக" என்று சொல்லிவிட்டு வந்தார். மருமகளிடம் இருந்தது ஒரு டேப், ஒரு செல்போன், பழைய ஸ்கூட்டர்.

வேலை எளிது. இருப்பதை இருப்பதாக எழுத வேண்டும். சுவர் இருந்தால் சுவர். விரிசல் இருந்தால் விரிசல். அந்த விரிசலுக்கு யார் காரணம் என்று எழுதினால் அது அதிகப்பிரசங்கித்தனம். யார் பக்கம் நியாயம் என்று முகத்தில் தெரிந்தாலே தப்பு. விருதுநகரில் வக்கீல் தொழில் செய்யும் நான், வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கற்றுக்கொண்டது இந்தக் கமிஷன் வேலையில்தான். வீட்டில் அந்தப் பாடம் செல்லுபடியாகாது.

சிஸ்டரும் காண்ட்ராக்டரும்

வழக்குப் போட்டவர் எஸ்தர். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் சிஸ்டரம்மாதான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் கையால் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள் குறைவு. அவரால் வழக்குப் போடப்பட்டவரும் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்தான்.

கணவர் தவறிவிட்டார். மகள் குடும்பத்தோடு கோயம்புத்தூரில் இருந்தாள். சிஸ்டரம்மா வேலைக் காலம் முழுவதும் குவார்ட்டர்ஸிலும், பிறகு வாடகை வீட்டிலும் இருந்தவர். ஒரு வீட்டில் வெந்நீர் வைக்கும் நேரத்துக்கு, இன்னொரு வீட்டில் கோழி வளர்ப்பதற்கு, வேறொரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பாட்டுச் சத்தத்துக்கு என்று வீட்டுக்காரர்களிடம் அனுமதி கேட்டே காலம் போயிருந்தது. கடைசியாக இருந்த வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆமத்தூரில் எப்போதோ வாங்கிப் போட்ட மனையில் தனக்கென்று ஒரு வீடு. அவருக்கு அதுதான் முதல் வீடு. அந்த வயதில் இரண்டாவது ஒன்றைக் கட்டப்போவதில்லை.

காண்ட்ராக்டர் மாரிமுத்துவுக்கும் அதுதான் முதல் வீடு.

அவர் வீட்டில் எல்லாருக்கும் விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அம்மா போனார், மனைவி இன்றும் போகிறார். மாரிமுத்துவும் இளவயதில் போனவர்தான். வெடிமருந்து வாடை ஒத்துக்கொள்ளாமல் வெளியே வந்து, சித்தாளாக மண் சுமந்து, கொத்தனாராகிக் கரண்டி பிடித்து, கடைசியில் தன் பேரிலேயே ஒரு வேலை எடுத்தார். எடுத்ததும் முதல் காரியமாக விசிட்டிங் கார்டு அடித்தார். சிவகாசியில் அடித்த கார்டு. கலருக்குக் குறைச்சல் இருக்குமா. ஒரு மயில், ஒரு சூரியன், துபாயில் இருக்கும் கண்ணாடிக் கட்டிடம் ஒன்று. அதன் கீழே, சகலவிதமான கட்டிடங்களும் கட்டித் தரப்படும் என்று தங்க எழுத்து. தன் பேரில் அவர் கட்டியது மாடியில்லாத இந்த ஒரு வீடுதான். அதுவும் பாதி.

மனைவி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாராம். "இது சரிப்பட்டு வரலேன்னா பேசாம என்கூட கம்பெனி வண்டியில ஏறிருங்க." அதைச் சொல்லும்போது மாரிமுத்துவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த வண்டியில் மறுபடி ஏறக்கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு கல்லும் சுமந்தார்.

ஆணி அடிக்கக் கூடாத வீடு

இவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம் இருந்தது. நான் படித்த ஒப்பந்தங்களிலேயே அதற்குத் தனி இடம் தருவேன்.

பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் கடையில் அடித்தது. அந்தக் கடையில் கட்டிட ஒப்பந்தத்துக்கு மாதிரி இல்லை. வீட்டு வாடகை ஒப்பந்தம்தான் இருந்தது. "அதையே கொஞ்சம் மாத்திக்கிடலாம்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். வீட்டுச் சொந்தக்காரர் என்ற இடத்தில் சிஸ்டரம்மா பெயர், வாடகைதாரர் என்ற இடத்தில் மாரிமுத்து பெயர். மாற்றியது அவ்வளவுதான். மாற்ற மறந்தது நிறைய.

அதனால் அந்த ஒப்பந்தத்தின்படி, வீடு கட்ட வந்த மாரிமுத்து சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. உரிமையாளர் அனுமதியில்லாமல் உறவினர்களைத் தங்கவைக்கக் கூடாது. அசைவம் சமைப்பது குறித்துப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். கட்டிடம் கட்டுவதைப் பற்றி கடைசியில் ஒரே ஒரு வரி: "மேற்படி வீட்டை உரிமையாளருக்குத் திருப்தியாகக் கட்டி முடித்துத் தரவேண்டியது."

திருப்தி. அந்தச் சொல்லைப் படித்ததுமே இது கோர்ட்டுக்கு வரும் என்று எந்த வக்கீலும் சொல்லிவிடுவார். ஜன்னலை அளக்க டேப் இருக்கிறது, மட்டம் பார்க்க ரசமட்டம் இருக்கிறது, திருப்திக்கு எதைப் பிடிப்பது?

போன வாரம் இந்தப் பத்தியில் கிணற்றுப் பங்கு வழக்கைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "உங்கள் ஊரில் யாருமே சரியாக எழுதிக்கொள்வதில்லையா?" என்று கேட்டிருந்தார். எழுதிக்கொள்வார்கள். எங்களுக்குத் தெரிந்த பாஷையில் எழுதிக்கொள்வார்கள். சிவகாசிப் பக்கத்தில் ஒரு குடோன் கட்டும் ஒப்பந்தத்தில், "தீபாவளிக்கு முன் முடித்துத் தரப்படும்" என்று இருந்தது. பட்டாசு ஊரில் காலத்தை அளக்க வேறு என்ன வேண்டும்? சிக்கல் என்னவென்றால், எந்தத் தீபாவளி என்று எழுதவில்லை. ஒரு தீபாவளி போய், அடுத்ததும் போனபிறகு கட்டச் சொன்னவர் வழக்குப் போட்டார். கட்டியவரின் வக்கீல் எழுந்து, "இனியும் தீபாவளி வரத்தான் போகிறது ஐயா" என்று வாதாடினார். அந்த வாதத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். குடோனுக்கு இன்னும் ஷட்டர் போடவில்லை.

தையலும் தளமும்

சிஸ்டரம்மா வீட்டுக்குத் தளம் போட்ட நாள் வரை எந்த வம்பும் இல்லை. வேலையாட்களுக்கு அன்றைக்குக் கறிச்சோறு. சிஸ்டரம்மாவே இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பரிமாறினாராம். "மாரி, இன்னுங் கொஞ்சம் வச்சுக்கோ" என்று அவருக்கு மட்டும் ஈரல் தனியாக வந்ததற்கு ஊரே சாட்சி.

அதற்கப்புறம் சில நாள் கழித்துத்தான் சண்டை.

தளம் போடும்போது அடியில் இரும்புத் தகடுகளைப் பரப்பி, சவுக்குக் கம்புகளால் முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். அதன் மேல்தான் கான்கிரீட். கான்கிரீட் இறுகியபிறகு தகட்டைப் பிரிக்க வேண்டும். எப்போது பிரிப்பது என்பதில்தான் தகராறு. மாரிமுத்துவுக்குத் தகடு வாடகைக்கு எடுத்தது. அடுத்த வேலைக்கும் அதுதான் போக வேண்டும். இந்த வெயிலுக்குச் சீக்கிரமே பிரிக்கலாம் என்றார். சிஸ்டரம்மா செல்போனில் ஒரு இன்ஜினீயர் பேசும் வீடியோவைப் பார்த்துவிட்டு, முழுசாக மூன்று வாரம் இருந்தே ஆக வேண்டும் என்றார்.

"ஆபரேஷன் பண்ணி ஆள் கண்ணு முழிக்குமுன்ன தையலப் பிரிப்பாகளாலே?" என்று கேட்டிருக்கிறார்.

"தையல் வேற, தளம் வேற சிஸ்டரம்மா. நீங்க ஊசியப் பாருங்க. நான் கரண்டியப் பாத்துக்கிடுதேன்."

சொன்னவருக்கு அது சாதாரணமாக வந்த வார்த்தை. கேட்டவருக்கு அப்படிப் போகவில்லை. மறுநாள் மாரிமுத்து வந்தபோது வேலித் தட்டியில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. அவர் நேரே டீக்கடைக்குப் போய், "என்னைய வெளிய தள்ளிப் பூட்டிட்டாக, இனி அந்த வீட்டுல கால் வைக்க மாட்டேன்" என்றார். டீக்கடையில் சொன்னது டீ ஆறுவதற்குள் சிஸ்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. அவர் நேரே வக்கீலிடம் போனார்.

அதன்பிறகு நடந்ததற்கு எங்கள் தொழில்தான் பொறுப்பு. ஆத்திரத்தில் சொன்ன நாலு வார்த்தை, வக்கீல் ஆபீஸில் நுழைந்து வெளியே வரும்போது நல்ல கனமாகிவிடும். சிஸ்டரம்மாவின் வக்கீல் எழுதினார்: காண்ட்ராக்டர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவிட்டார்; தளத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை; தளம் காய்ந்து வெடிக்கும் நிலையில் இருக்கிறது. மாரிமுத்துவின் வக்கீல் பதில் எழுதினார்: என் கட்சிக்காரரை உள்ளே விடாமல் பூட்டியது அந்த அம்மாள், அதனால்தான் தண்ணீர் ஊற்ற முடியவில்லை, தளம் வெடித்தால் பொறுப்பு அவரே.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதுத் தளத்தின் மேல் சில வாரமாவது தண்ணீர் நிற்க வேண்டும். நின்றால்தான் இறுகும், காய்ந்தால் வெடிக்கும். ஆனால் வழக்கில் ஜெயிக்க வேண்டுமானால் இரண்டு பேருக்குமே தளம் காய்ந்து கிடந்தாக வேண்டும்.

நானோ செருப்பு மூழ்க நின்றுகொண்டிருந்தேன்.

சத்தம் கேட்ட பக்கத்து வீடு

தளத்தைச் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு பாதியில் பாத்திக் கரைகள் கரண்டியால் இழுத்துவிட்ட மாதிரி நேர்த்தியாக இருந்தன. உடைந்த இடங்களில் புதுக் கலவை வைத்துப் பூசியிருந்தது. இது கொத்தனார் கை.

இன்னொரு பாதியில், தண்ணீர் நிற்காத சரிவுகளில், நனைத்த சாக்குகளை விரித்திருந்தது. விரித்தது என்று சொன்னால் போதாது. ஓரங்களை உள்ளே மடித்து, மூலைகளைக் கவர் மாதிரி முக்கோணமாகச் செருகி, சுருக்கமே இல்லாமல். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்னால் வார்டில் பெட்ஷீட் விரிப்பார்களே, அப்படி.

எனக்குச் சிரிப்பு வந்தது. கமிஷனர் சிரிக்கக் கூடாது என்பதால் மைனாக்களைப் பார்த்தபடி சமாளித்தேன்.

இறங்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. ஏணியில் ஒரு படி பழைய கயிறு இற்றுப்போய்ப் புதுக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. மஞ்சள் மாறாத புதுக் கயிறு. அந்தப் படியை ஒரு சாண் கீழே இறக்கி, இடையில் கூடுதலாக ஒரு படியும் சேர்த்திருந்தது. கொத்தனார்களுக்கு அத்தனை நெருக்கமாகப் படி தேவையில்லை. முழங்கால் வலிக்கிறவர்களுக்குத்தான் தேவை.

"இந்தப் படியக் கட்டுனது யாரு?" என்று கேட்டேன்.

மாரிமுத்து வேப்ப மரத்தை அண்ணாந்து பார்த்தார். சிஸ்டரம்மா கைப்பையில் எதையோ தேடினார்.

பக்கத்து வீட்டில் பேச்சியம்மாள் என்றொரு பெண் இருந்தார். இரண்டு மனைக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர்தான். அதைத் தாண்டினால் சங்கிலியும் தேவையில்லை, சாவியும் தேவையில்லை. அவரிடம் கேட்டேன்.

"நான் எட்டிப் பாக்குறதில்லம்மா. ரெண்டு பேருமே எனக்கு வேணும்," என்றார்.

"எதாவது சத்தமாவது கேட்டுச்சா?"

"காலைல ஒரு சத்தம் கேக்கும். சாயங்காலம் ஒரு சத்தம் கேக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "காலைல கேக்குற சத்தம் ஜெபப் பாட்டுப் பாடும். சாயங்காலம் கேக்குற சத்தம் பீடி குடிக்கும்."

இரண்டு வக்கீல்களும் அதைக் கேட்காதது போல் நின்றார்கள். அவர்கள் வாழ்க்கையிலேயே இவ்வளவு தெளிவாகச் சாட்சி சொன்னவர் இருந்திருக்க மாட்டார். இரண்டு பேருக்குமே அவர் தேவைப்படவில்லை.

நான் இருப்பதை எழுதினேன். தளத்தில் தண்ணீர் நிற்கிறது. பாத்திக் கரைகள் பழுது பார்க்கப்பட்டுள்ளன. சாக்குகள் மூலை மடித்து விரிக்கப்பட்டுள்ளன. ஏணியில் புதுக் கயிறு கட்டப்பட்டுள்ளது. இரண்டு மைனாக்கள் இருந்ததையும் எழுதலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

மழை பெய்ததா?

கமிஷனர் அறிக்கை தாக்கல் ஆனால் அது யாருக்குப் பாதகமோ அவர் ஆட்சேபணை போடுவார். அதுதான் வழக்கம். என் அறிக்கைக்கு இரண்டு தரப்பும் ஆட்சேபணை போட்டன. தளத்தில் தண்ணீர் இருந்ததாகக் கமிஷனர் எழுதியது தவறு என்று இருவரும், ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில்.

கோடை விடுமுறைக்குக் கோர்ட் மூட இருந்த வாரம். நீதிபதி அதிகம் பேசாதவர். இரண்டு ஆட்சேபணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க போன அன்னைக்கு ஆமத்தூர்ல மழை பெய்ததா?"

"இல்லைங்கய்யா."

"அதுக்கு முந்தின நாள்?"

நான் பதில் சொல்வதற்குள் பின்வரிசை பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "தை மாசத்துக்கப்புறம் ஒரு பொட்டு மழை இல்லைங்கய்யா."

சிஸ்டரம்மா எழுந்து நின்றிருந்தார். அவருடைய வக்கீல் திரும்பி, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவர் உட்காரவில்லை. பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு பொய்க்குத் துணைபோக முடியவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

"அப்ப தண்ணீர் எப்படி வந்தது?" என்றார் நீதிபதி.

சிஸ்டரம்மா தன் வக்கீலைப் பார்த்தார். எதிர் வரிசையில் மாரிமுத்து எழுந்தார்.

"காலைல அவுக ஊத்துனாக. சாயங்காலம் நான் ஊத்துனேன் ஐயா."

இரண்டு வக்கீல்களும் ஒரே நேரத்தில் தங்கள் கட்டுகளைப் புரட்ட ஆரம்பித்தார்கள்.

"பூட்டிக் கெடந்துச்சே, எப்படிப் போனீங்க?" என்றார் நீதிபதி.

"பக்கத்து வீட்டுச் சுவர் ஏறித்தான் ஐயா. பூட்டுனது எனக்கு. தளம் என்ன பாவம் பண்ணுச்சு? நான் போட்ட மொத தளம்."

சிஸ்டரம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

"ஊத்துனான் ஐயா, இல்லேன்னு சொல்லல. ஆனா அரையுங்குறையுமாத்தான் ஊத்துனான். மேக்கால மூலை எப்பவும் காஞ்சுதான் கெடக்கும். நான் போய்த்தான் சாக்கு விரிப்பேன்."

"மேக்கால மூலை வாட்டமா சரிஞ்சு இருக்கும்மா, மழைத் தண்ணி வடிய வேணாமா? தண்ணி அங்கன நிக்காது."

"நிக்காதுன்னா சாக்குப் போடணும்லே."

"நீங்கதான் போட்டுட்டீகளே, அப்பறம் நான் எதுக்குப் போட?"

நீதிபதி அவர்களைத் தடுக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். ஓய்ந்தபிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். தளம் போட்டு இப்போது எவ்வளவு நாளாகிறது?

சிஸ்டரம்மா விரல் விட்டு எண்ணினார். மாரிமுத்து உதட்டை அசைத்து எண்ணினார். நோட்டீஸ், பதில் நோட்டீஸ், வழக்கு, கமிஷன், ஆட்சேபணை என்று நாங்கள் நடத்திக்கொண்டிருந்ததில், சிஸ்டரம்மா கேட்ட மூன்று வாரமும் போயிருந்தது, மாரிமுத்து சொன்ன கணக்கு அதற்கும் முன்பே போயிருந்தது. தகடு இருக்க வேண்டிய காலத்துக்கு மேலேயே இருந்துவிட்டது.

"ரெண்டு பேரும் வெளிய மரத்தடியில போய்ப் பேசிட்டு வாங்க," என்றார் நீதிபதி. வக்கீல்களும் எழுந்தார்கள். "நீங்க இருங்க. அவங்க மட்டும் போகட்டும்."

விடுமுறைக்கு முந்தின நாள் சமரச மனு தாக்கலாகி வழக்கு முடிந்தது. பாக்கி வேலைக்குப் புதிதாக ஒரு ஒப்பந்தம் எழுதித் தரச் சொல்லி இருவரும் சேர்ந்தே என்னிடம் வந்தார்கள். இந்தத் தடவை வாடகை, அசைவம் எல்லாம் இல்லாமல், எந்த அறைக்கு என்ன பூச்சு, எந்தக் கதவுக்கு என்ன மரம் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். திருப்தி என்ற சொல்லை எங்கும் வைக்கவில்லை.

முட்டுப் பிரித்த நாள்

தகடு பிரிக்கும் அன்றைக்கு என்னையும் வரச் சொன்னார்கள். அடியிலிருந்து தளத்தைப் பார்க்கும் முதல் நாள் அது. உள்ளே கல் துருத்தியிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா, எல்லாம் அப்போதுதான் தெரியும். மாரிமுத்து தாடி மழித்து வந்திருந்தார். சிஸ்டரம்மா பஞ்சு, டிங்சர், கட்டுத்துணி வைத்த டப்பாவோடு வந்திருந்தார்.

சவுக்குக் கம்புகளுக்கு நடுவில் மாரிமுத்து சுத்தியலோடு நுழைந்தார். சிஸ்டரம்மாவும் பின்னாலேயே நுழைந்தார்.

"நீங்க வெளிய நில்லுங்கம்மா."

"ஏன், நான் நின்னா என்ன?"

"தகடு கழண்டு விழும்."

"உன் தலையில மட்டும் விழாதோ?"

"எனக்குப் பழக்கம்."

"தலைக்கு என்னலே பழக்கம்? நான் பாத்த தலையில ஒண்ணுக்கும் பழக்கம் இருந்ததில்ல."

மாரிமுத்து சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க வெளிய போற வரைக்கும் நான் தொட மாட்டேன். வம்புக்குச் சொல்லலம்மா. இது என் பொறுப்பு."

சிஸ்டரம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். முட்டு ஒவ்வொன்றாகச் சரிந்தது. தகடுகள் விழும் சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் சிஸ்டரம்மா, "மாரி?" என்று கூப்பிட்டார். உள்ளேயிருந்து ஒவ்வொரு தடவையும், "இருக்கேம்மா," என்று பதில் வந்தது.

தூசி அடங்கியதும் உள்ளே போனோம். கூடத்துத் தளம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு ஓட்டை இல்லை. மாரிமுத்து சுத்தியலால் தட்டிக் காட்டினார். சிஸ்டரம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். மேற்கு மூலையில் மட்டும் மறுபடி தட்டச் சொன்னார். மாரிமுத்து தட்டினார். சிஸ்டரம்மா தலையாட்டினார்.

உள்ளறைக்குப் போனதும் மாரிமுத்து அப்படியே நின்றுவிட்டார்.

தகடுகளுக்கு நடுவில் உள்ள சந்து வழியாகச் சிமெண்டுப் பால் ஒழுகாமல் இருக்கக் காகிதம் விரிப்பார்கள். மற்ற ஊர்களில் பழைய செய்தித்தாள். எங்கள் பக்கத்தில் சிவகாசி அச்சகங்களில் கலர் தப்பிப்போன பட்டாசு லேபிள் ஷீட் எடை போட்டுக் கிடைக்கும். இந்த அறையில் அதைத்தான் விரித்திருக்கிறார்கள். காகிதம் தகட்டோடு வந்துவிட்டது. மை மட்டும் கான்கிரீட்டில் தங்கிவிட்டது.

உள்ளறைக் கூரையில், சிவப்புப் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண், இடது கையில் கம்பி மத்தாப்பைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிப் பொறிகள். கீழே ஏதோ பெயர், கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி விழுந்திருந்தது.

"பூச்சுல மறைஞ்சிரும் சிஸ்டரம்மா," என்றார் மாரிமுத்து அவசரமாக. "ரெண்டு கோட்டு இழுத்தா ஒண்ணுமே தெரியாது. நாளைக்கே பூசிர்றேன்."

சிஸ்டரம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். மாரிமுத்து என்னைப் பார்த்தார். அடுத்த வழக்கின் முதல் பக்கம் என் மனதில் ஓடத் தொடங்கியிருந்தது.

"இந்த ரூம் கூரையப் பூசணும்னு எழுதியிருக்கீகளா வக்கீலம்மா?"

"எல்லா அறைக்கும் எழுதியிருக்கு."

"இத மட்டும் அடிச்சிருங்க. பூச வேண்டாம்."

மாரிமுத்துவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். ஒப்பந்தத்தில் இருக்கும் வேலையைக் குறைக்கச் சொல்லும் வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை.

"சர்வீஸ் பூராவும் பாத்திருக்கேன்," என்றார் சிஸ்டரம்மா, கண்ணை எடுக்காமல். "படுத்த படுக்கையாக் கெடக்குறவுகளுக்குப் பாக்குறதுக்கு மேல ஒண்ணுமே இருக்காது. வெறும் வெள்ளையா இருக்கும். அதையே பாத்துக்கிட்டுக் கெடப்பாக. எங்கிட்ட எத்தன பேரு கேட்டிருக்காக, சிஸ்டர், என்னையக் கொஞ்சம் ஜன்னல் பக்கமாத் திருப்பிப் போடுங்கன்னு." கழுத்தைத் தடவிக்கொண்டார். "எனக்கும் ஒரு நாள் வரும்ல. பாக்க ஒரு பிள்ள இருக்கட்டும்."

நான் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து, மாரிமுத்துவின் முதுகில் வைத்து அந்த அறையின் பெயரை அடித்தேன். இருவரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

"அப்பக் கட்டில எங்கன போடுவீக?" என்று கேட்டார் மாரிமுத்து. "லைட்டுப் பாயிண்ட் அதுக்குத் தக்கன வைக்கணும்ல."

சிஸ்டரம்மா தரையைக் கையால் காட்டினார். அந்தச் சிமெண்டுத் தூசியில், மழித்த முகமும் சலவைச் சட்டையுமாக மாரிமுத்து மல்லாந்து படுத்தார்.

"தெரியுறாளா?"

"தெரியுறாம்மா."

"கழுத்தத் திருப்பாமத் தெரியணும்."

அவர் ஒரு முழம் நகர்ந்து படுத்தார்.

"இப்ப?"

"இப்ப நேரா இருக்கா."

"அப்ப எந்திரிக்காத," என்றார் சிஸ்டரம்மா. கீழே கிடந்த செங்கல் துண்டை எடுத்துக் குனிந்து, அவர் படுத்திருந்த இடத்தைச் சுற்றிக் கட்டிலுக்குக் கோடு போட ஆரம்பித்தார்.